கழுத்தைத் தொட்ட கை

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சிரசை நாள் முழுவதும் சுமந்து நிற்கும் கழுத்துக்கு அவர்கள் தனியாக ஒரு பெருமையும் தந்ததாகத் தெரியவில்லை. நம் பேச்சு வழக்கிலும் கழுத்துக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் பழிச்சொற்களே. சலிப்பூட்டும் பேச்சைக் 'கழுத்தறுப்பு' என்கிறோம். வேண்டாதவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம். கடன் கழுத்தை நெரிக்கிறது. வேலை கழுத்தளவு கிடக்கிறது. திருமறையிலும் இறைவன் தம் மக்கள்மீது சினங்கொள்ளும் வேளையில், அவர்களுடைய கழுத்து வணங்காததையே குறையாகச் சொல்கிறார். மாலையும் தாலியும் ஏறும் நாளில் மட்டுமே கழுத்துக்குச் சற்று மரியாதை!

ஆயினும் படைப்பின் நுட்பத்தைக் காண விரும்புவோர் கழுத்தைப் பார்த்தாலே போதும். மனிதனின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. அண்ணாந்து பார்க்க வைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழே. அடுக்களையில் ஓடும் சுண்டெலிக்கும் ஏழே. இந்தச் சிறிய எலும்புகள் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குகின்றன. முதல் எலும்புக்கு மருத்துவர்கள் 'அட்லஸ்' என்று பெயரிட்டுள்ளனர். வானத்தைத் தோளில் சுமந்ததாகக் கிரேக்கக் கதைகள் கூறும் ஒருவனின் பெயர் அது. தலையை வலமும் இடமும் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது. எலும்புகளின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. பக்கவாட்டில் 8 இணை நரம்பு வேர்கள் கிளைக்கின்றன. எலும்புகளின் ஓரத் துளைகள் வழியாக மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் ஏறுகின்றன. இத்தனையும் ஒரு கையகல இடத்துக்குள்!

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு இவற்றை யாரும் கற்பிக்கவில்லை. வலி வந்தபின்தான் இவற்றை நாடிப் படித்தேன்.

2019 ஆம் ஆண்டின் கோடையில், என் ஆயரின் இசைவோடு, இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள ஒரு பங்கில் மூன்று மாதங்கள் பணியாற்றச் சென்றிருந்தேன். எனக்கு அப்போது வயது 52. சென்ற இரண்டாம் வாரம், ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது கழுத்தின் வலப்புறம் இறுகிப் போயிருந்தது. தலையணை மாறியதால் வந்த சுளுக்கு, இரண்டு நாளில் போய்விடும் என்று எண்ணினேன். அது போகவில்லை. தோள்பட்டை எலும்பின் உட்புறத்துக்கு இறங்கிற்று. பின்பு மேற்கை வழியாக முன்கைக்கு வந்தது. மூன்றாம் வாரத்தில் வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்துப் போகத் தொடங்கின. எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்வு. அதன்பின் உணர்வே இல்லை.

ஒரு குருவுக்கு அந்த இரு விரல்கள் எத்தகையவை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. திருப்பலியில் அப்பத்தை ஏந்துபவை அவை. ஒரு வார நாளின் காலைத் திருப்பலியில் அப்பத்தைப் பிட்டேன். அது பிட்கப்பட்டதைக் கண் கண்டது. விரல் நுனி உணரவில்லை. அன்று பீடத்தில் என்னைத் தொட்ட அச்சத்தை யாரிடமும் நான் சொல்லவில்லை. என் தந்தையார் தம் இறுதி ஆண்டுகளை வலக்கை விளங்காமல் கழித்தவர். கவளம் எடுக்க முடியாமல் அவர் கரண்டியோடு போராடியதைப் பார்த்தவன் நான். வேற்று நாட்டில், இரவில் தனியறையில், அந்தக் காட்சி மீண்டும் மீண்டும் கண்முன் வந்தது.

என் நிலையை முதலில் கண்டுகொண்டவர், பீடத்தை ஆயத்தம் செய்யும் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர். இலண்டன் மருத்துவமனைகளில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். "சுவாமி, ஆரும் கூப்பிட்டால் நீங்கள் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் எல்லோ திருப்புறியள். எத்தனை நாளாய் இப்பிடி?" என்று கேட்டார். புதியவரான நான் மருத்துவரிடம் பதிவு செய்து முறை பெறச் சில நாள் ஆகும் என்றும், அதற்குள் தம் கணவர் முதுகு வலிக்குச் சென்ற ஆஸ்டியோபதி சிகிச்சையாளரைப் பார்க்கலாம் என்றும் கூறினார். அவரே தொலைபேசியில் நேரமும் கேட்டுக் கொடுத்தார்.

ஆஸ்டியோபதி என்ற சொல்லைக் கேட்டதும் குருமடத்தில் கற்ற கொஞ்சக் கிரேக்கம் நினைவுக்கு வந்தது. 'ஆஸ்டியான்' என்றால் எலும்பு. 'பாதோஸ்' என்றால் துன்பம். மருந்தின்றி, கைகளால் தொட்டும் அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் மூட்டு, தசை ஆகியவற்றின் உபாதைகளைத் தணிக்கும் முறை அது என்று அம்மையார் விளக்கினார்.

கைச்சிகிச்சை நமக்குப் புதிதன்று. கழுத்துச் சுளுக்கென்றால் தலையணையை வெயிலில் போடச் சொல்லும் பாட்டிமாரிடம் வளர்ந்தவர்கள் நாம். கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று அவரைத் தேடிச் சென்றவர்களும் உண்டு. முடிதிருத்தும் நிலையத்தில் வேலை முடிந்ததும் தலையை இரு கைகளாலும் பற்றி, வலமொரு முறையும் இடமொரு முறையும் சட்டென்று திருகி நெட்டி எடுப்பதை இன்றும் காணலாம். 'படக்' என்ற ஒலி கேட்டால்தான் நமக்குத் திருப்தி! அத்தகைய ஒலியொன்றை எதிர்பார்த்தே நானும் அந்த வீட்டின் மணியை அழுத்தினேன்.

தெருவோர வீடொன்றின் முன்னறையே சிகிச்சை அறை. நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார்தான் சிகிச்சையாளர். சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழ் தொங்கிற்று. அவர் என்னைப் படுக்கையில் படுக்கச் சொல்லவில்லை. எதிரே நாற்காலியில் அமரச் சொன்னார். கேள்விகள் தொடங்கின. வலி எப்போது வந்தது? விழுந்ததுண்டா? காய்ச்சல் உண்டா? எடை குறைந்திருக்கிறதா? இரவில் வலி எழுப்புகிறதா? மயக்கமோ, பார்வை இரட்டையாகத் தெரிவதோ, பேச்சுக் குழறலோ உண்டா? நடக்கும்போது தள்ளாடுகிறீர்களா? சட்டைப் பொத்தானை மாட்டுவது கடினமாயிருக்கிறதா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா?

கால் நூற்றாண்டுக் காலம் ஒப்புரவு அருட்சாதனத்தில் பிறர் சொல்வதைக் கேட்டுப் பழகியவன் நான். என்னை இருத்தி, இடைமறிக்காமல், அவசரப்படாமல் ஒருவர் இவ்வாறு கேட்டது அரிது. பீடத்தில் அப்பத்தைப் பிட்டபோது உணர்வு இல்லாமல் போனதை அவரிடம்தான் முதன்முறையாகச் சொன்னேன். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

பின்பு சோதித்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். சிறிய இரப்பர் சுத்தியலால் முழங்கை மடிப்பிலும் முன்கையிலும் முழங்காலிலும் தட்டினார். மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லி, தம் கையால் எதிர்த்து அழுத்தினார். இடக்கை எதிர்த்து நின்றது. வலக்கை சற்றே தணிந்தது. பஞ்சினால் விரல்களைத் தடவிப் பார்த்தார். இறுதியாகச் சொன்னார்: "இன்று உங்கள் கழுத்தில் நான் சிகிச்சை செய்யப் போவதில்லை. முதலில் மருத்துவர் ஒருவர் உங்களைப் பார்க்க வேண்டும்."

காரணத்தையும் ஒளிக்காமல் கூறினார். கழுத்திலிருந்து வெளிவரும் ஆறாவது நரம்பு வேர் எங்கோ நசுங்குகிறது என்று தமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் அது தானே தணியக் கூடியது. ஆனால் கையில் வலுக்குறைவு தெரிவதால், தண்டுவடத்தின்மீது அழுத்தம் எதுவும் இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்யாமல் கழுத்தை அசைப்பது முறையாகாது. "என் கைகளுக்கு என்ன தெரியும் என்பதை நான் அறிந்திருந்தால் போதாது; என்ன தெரியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்" என்றார். மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் தந்தார்.

கடிதத்தோடு தெருவில் இறங்கி நடந்தபோது அச்சம் குறையவில்லை. கூடிற்று என்றே சொல்லலாம். தண்டுவடம் என்ற சொல் காதில் ஒலித்துக் கொண்டிருந்தது. ஆனால் அந்த அச்சத்தின் ஊடே ஒரு நம்பிக்கையும் பிறந்திருந்தது. பணம் பெற்றுக்கொண்டு ஏதேனும் செய்திருக்கக் கூடிய ஒருவர், என் நலனுக்காகச் செய்யாமல் நிறுத்தினாரே!

மருத்துவரைக் காண நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாள்களில் பொது நூலகத்தில் அமர்ந்து ஆஸ்டியோபதியின் வரலாற்றைப் படித்தேன். துன்பத்தில் தொடங்கிய வரலாறு அது.

அதைத் தோற்றுவித்தவர் ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் அமெரிக்கர். 1828 இல் பிறந்தவர். தந்தையார் மெத்தடிஸ்டு சபைப் போதகர், மருத்துவரும்கூட. சிறுவனான ஸ்டில்லுக்கு அடிக்கடி தலைவலி வரும். பத்து வயதளவில் ஒரு நாள், ஏர்க்கயிற்றை இரு மரங்களுக்கிடையே தாழக் கட்டி, அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு, அதில் கழுத்தைச் சாய்த்துப் படுத்தான். உறங்கிப் போனான். எழுந்தபோது தலைவலி இல்லை. 1897 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு மருத்துவ முறையின் முதல் நோயாளியும் முதல் சிகிச்சையாளனும் கழுத்தைக் கயிற்றில் சாய்த்த அச்சிறுவனே என்று கொள்ளலாம்.

வளர்ந்து அவரும் மருத்துவரானார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையை எதிர்த்த வடபுலத்தார் பக்கம் நின்றார். 1864 இல் மூளைச்சவ்வுக் காய்ச்சல் அவருடைய வீட்டில் புகுந்து மூன்று பிள்ளைகளைக் கொண்டு போயிற்று. பாதரசக் கலவைகளும் அபினியும் சாராயமும் மருந்துகளாக வழங்கிய காலம் அது. மருத்துவரான தந்தையால் தம் பிள்ளைகளைக் காக்க முடியவில்லை. அந்த மருத்துவத்தின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அன்றே முறிந்தது. பத்தாண்டுகள் எலும்புகளையும் உடலமைப்பையும் ஆராய்ந்து, 1874 இல் தம் புதிய வழியை அறிவித்தார். 1892 இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

உடலுக்குத் தன்னைத் தானே சீர்ப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு, அதற்கு வழிவிடுவதே மருத்துவன் பணி என்பது அவர் கொள்கை. ஆழ்ந்த கருத்துதான். ஆனால் புத்திர சோகத்தில் பிறந்த அந்த உறுதி எல்லை கடந்தும் சென்றது. ஏறக்குறைய எல்லா மருந்தையும் அவர் ஒதுக்கினார். தொற்றுநோய்கள் பலவற்றையும் எலும்பைச் சீர்செய்து போக்கலாம் என்று நம்பினார். பின்வந்தோர் அந்த எல்லையிலிருந்து திரும்பினர். இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் பட்டம் பெறுவோர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு உரிமை பெற்ற மருத்துவர்கள். இங்கிலாந்திலோ அவர்கள் கைச்சிகிச்சையோடு நிற்பவர்கள், மருத்துவர்கள் அல்லர்.

இங்கிலாந்துக்கு இக்கலையைக் கொண்டு வந்தவர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தார், இறையியல் கற்றவர். தொண்டையிலும் கழுத்திலும் நோயுற்று, அமெரிக்காவில் ஸ்டில்லிடம் சிகிச்சைக்குச் சென்றவர், அங்கேயே மாணவராகித் தங்கிவிட்டார் என்று படித்தபோது, இறையியல் படித்துக் கழுத்து வலியோடு அமர்ந்திருந்த எனக்கு முறுவல் வந்தது. பின்னர் அவர் இலண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார். அது 1917 இல் முறையாகப் பதிவு பெற்றது. ஸ்டில் காலமானதும் அதே ஆண்டில்தான்.

1935 இல் ஆஸ்டியோபதியினர் தங்களுக்குச் சட்ட ஏற்புக் கோரி பிரபுக்கள் சபையின் குழுவொன்றின்முன் நின்றனர். அங்கே அவர்களுடைய பயிற்சியும் தகுதியும் கடுமையாகக் கேள்விக்கு உள்ளாயின. லிட்டில்ஜானும் தப்பவில்லை. கோரிக்கை தோற்றது. ஆயினும் அவர்கள் கலைந்து போகவில்லை; மறு ஆண்டே தாங்களாக ஒரு பதிவேட்டைத் தொடங்கி, பயிற்சியைச் சீர்செய்யலாயினர். சட்டம் 1993 இல்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த பொது மன்றத்தில் பதிவு பெறாத எவரும் தம்மை ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்வது 2000 ஆம் ஆண்டு முதல் அங்கே குற்றம். அந்த அம்மையாரின் சுவரில் தொங்கிய சட்டமிட்ட தாளுக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருந்தது. எல்லாவற்றையும் குணமாக்குவேன் என்று தொடங்கிய கலை, 'இது எனக்குரியது, இது எனக்குரியதன்று' என்று சொல்லக் கற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதன்பின்னரே நாடு அதை நம்பிற்று.

ஐந்தாம் நாள் மருத்துவரைக் கண்டேன். அவர் கைகளை மட்டுமன்றிக் கால்களையும் சோதித்தார். கோட்டின்மேல் நடப்பதுபோல் குதிகாலையும் நுனிக்காலையும் ஒட்டி வைத்து நடக்கச் செய்தார். தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆறாவது நரம்பு வேர் உறுத்தப்பட்டிருக்கிறது. இத்தகையோரில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவையின்றியே நலமடைகின்றனர் என்றார். கையின் வலு மேலும் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே வர வேண்டும். ஆறு வாரத்தில் தணியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார். கழுத்துப் பட்டை அணிய வேண்டுமா என்று கேட்டேன். நெடுநாள் அணிந்தால் தசைகள் சோம்பிவிடும் என்று கூறிவிட்டு, என் வெள்ளைக் காலரைப் பார்த்து, "குருவானவருக்கு ஒரு பட்டை போதும்" என்றார்!

மருத்துவரின் ஒப்புதலோடு மீண்டும் ஆஸ்டியோபதி அம்மையாரிடம் சென்றேன். இம்முறை என்னைப் படுக்கச் சொன்னார். எங்கே தொடப் போகிறார், எதற்காகத் தொடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சொன்னார், "சம்மதமா?" என்று கேட்டார். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்றார். தோளிலும் மேல்முதுகிலும் இறுகிய தசைகளை மெல்ல அழுத்தித் தளர்த்தினார். தலையைத் தம் உள்ளங்கைகளில் ஏந்தி, தொட்டிலை ஆட்டுவதைப்போல் சிறிது சிறிதாக அசைத்தார். நான் எதிர்பார்த்துச் சென்ற 'படக்' ஒலி எழவேயில்லை. கேட்டபோது விளக்கினார்: அந்த ஒலி, விலகிய எலும்பு தன் இடத்தில் போய்ப் பொருந்தும் ஒலியன்று, மூட்டினுள் இருக்கும் நீர்மத்தில் வளிக்குமிழி தோன்றுவதால் எழுவது. கழுத்தை வேகமாகத் திருகும்போது, மிக அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் தமனியின் சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. என் போன்றவரின் கழுத்தில் அந்த ஆபத்தை ஏற்பதற்கு நியாயம் இல்லை.

நான்கு முறை சென்றேன். ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளே பாடத்தின் பெரும்பகுதி. மோவாயை உள்ளே இழுத்துப் பிடித்தல், தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்தல், அரைமணிக்கொரு முறை எழுந்து நடத்தல். ஐந்தாம் வாரம் கை வலி தணிந்தது. ஒன்பதாம் வாரம், நான் தாயகம் திரும்பச் சில நாளே இருக்கையில், சுட்டுவிரலில் உணர்வு திரும்பிற்று. அதையும் பீடத்தில்தான் அறிந்தேன். அப்பத்தின் விளிம்பு விரலில் பட்டது.

நன்றி சொல்லப் போனபோது, "உங்கள் கை என்னைக் குணமாக்கிற்று" என்றேன். அவர் உடனே மறுத்தார். "காலம் குணமாக்கியிருக்கலாம். பயிற்சி குணமாக்கியிருக்கலாம். என் கை சற்று வலியைத் தணித்து, நீங்கள் பயிற்சி செய்ய இடம் கொடுத்திருக்கலாம். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது" என்றார். கழுத்து வலிக்குக் கைச்சிகிச்சையை ஆராய்ந்தவர்களின் முடிவும் ஏறக்குறைய இதுவே: சிலருக்குச் சில காலம் வலி தணிகிறது, உடற்பயிற்சியோடு சேரும்போது பயன் கூடுகிறது, ஆனால் சான்றுகள் இன்னும் வலுவானவை அல்ல. தன் தொழிலின் புகழைத் தானே இவ்வாறு அளந்து சொல்லும் நேர்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அன்பு வாசகர்களே, இந்த நேர்மையைப் பற்றி நான் அடிக்கடி சிந்திக்கிறேன். என் பணியும் ஒரு வகையில் கையால் செய்யும் பணியே. நோயுற்றோர் தலைமேல் கை வைக்கிறேன்; எண்ணெய் பூசுகிறேன். நம் மக்கள் குருவின் கைமேல் வைத்திருக்கும் நம்பிக்கை பெரிது. வலிப்பு நோயுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், "சாமி, நீங்க கைய வச்சு செபிச்சா போதும்" என்கிறாள். உறக்கமில்லாமல், யாரோ தன்னைத் துரத்துவதாக நடுங்கும் இளைஞனைப் பேய் பிடித்தவன் என்று அழைத்து வருகிறார்கள். சில குணமளிக்கும் கூட்டங்களில், இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்லப்பட்டு, இன்சுலினை நிறுத்திவிட்டு உயிருக்குப் போராடியவர்களை மருத்துவமனையில் சந்திக்கும் வேதனை பங்குப் பணியாளர் பலருக்கும் தெரிந்ததே.

செபத்தின் ஆற்றலை நான் ஐயுறவில்லை. அந்தத் தாயின் குழந்தைமேல் கை வைத்து உருக்கமாகவே செபிக்கிறேன். ஆனால் செபித்து முடித்ததும், "மாத்திரை தவறாமல் கொடுக்கிறாயா, அம்மா? அடுத்த முறை மருத்துவரிடம் என்றைக்குப் போக வேண்டும்?" என்று கேட்பதும் அதே அன்பின் பகுதிதான். அந்த இளைஞனை மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பதும், தேவையானால் உடன் செல்வதும் அருட்பணிதான். தன் எல்லையில் நின்று, நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கை, குறைந்த நம்பிக்கையுள்ள கையன்று. நோயாளி தனக்குச் சொந்தமல்லர் என்று அறிந்த கை அது. கழுத்தைத் தொடாமல் நிறுத்திய அந்த முதல் நாளிலேயே அந்த அம்மையார் எனக்குச் செய்ய வேண்டிய நன்மையில் பெரும்பகுதியைச் செய்துவிட்டார் என்பதே என் துணிபு.

தாயகம் திரும்பியபின் நம் மக்களின் கழுத்துகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தலையில் மூட்டை சுமக்கும் தொழிலாளி, குனிந்தே பீடி சுற்றும் பெண், நாளெல்லாம் தையல் இயந்திரத்தின்மேல் கவிழ்ந்திருக்கும் தங்கை, விடைத்தாள் திருத்தும் ஆசிரியர். இவர்களோடு இன்று கைப்பேசியின்மேல் தலை கவிழ்ந்த நம் பிள்ளைகளும். 2014 இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிட்டார்: தலை நேராக நிற்கையில் 5 கிலோவாக இருக்கும் சுமை, 60 பாகை குனிகையில் கழுத்தின்மேல் ஏறத்தாழ 27 கிலோ அளவுக்கு ஏறுகிறதாம். கணினிக் கணக்குதான், உயிருள்ள கழுத்தில் அளந்ததன்று. குனிவதெல்லாம் நோயாகிவிடும் என்றும் பொருளில்லை. ஆயினும் ஒரே நிலையில் நெடுநேரம் கழுத்தை வைத்திராமல், இடையிடையே அசைத்து எழுவது எவருக்கும் செலவில்லாத நன்மை.

ஆஸ்டியோபதி நம் சிற்றூர்களுக்கு எட்டக் கூடியதன்று. அதற்காக வருந்த வேண்டியதில்லை. பயிற்சியும் கைச்சிகிச்சையும் கற்ற பிசியோதெரபி பணியாளர்கள் நம்மிடையே உள்ளனர். தமிழக அரசு 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் பணிகளுள் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. கழுத்து வலிகளில் பெரும்பாலானவை அச்சம் தருபவை அல்ல, நாளடைவில் தணிபவையே. ஆனால் விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடோ எடைக் குறைவோடோ வரும் வலி, கை வலுவிழத்தல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்பாடின்மை, திடீரென்று வரும் கடுந்தலைவலி, பார்வை இரட்டித்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தைலத்தையும் தலையணையையும் நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

உங்கள் கழுத்தில் கை வைக்க வருபவர் யாராயினும், அவர் வெளிநாட்டில் பட்டம் பெற்றவராயினும், உள்ளூரில் பேர் பெற்றவராயினும், மூன்றை மட்டும் கவனியுங்கள். தொடுமுன் கேட்கிறாரா? செய்யுமுன் சொல்லிச் சம்மதம் பெறுகிறாரா? தம்மால் ஆகாததை வேறொருவரிடம் அனுப்புகிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கழுத்தைக் கொடுங்கள். இல்லையெனில் வணக்கம் சொல்லி எழுந்துவிடுங்கள். அங்கே மட்டும் கழுத்து வணங்காதிருப்பதே நலம்.